உதவி: மாணவர் கட்டுரைகளை இணையத்தில் வெளியிடும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

தஞ்சை_டீச்சர்
வணக்கம். தஞ்சாவூரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் எழுதுவது நோட்டோடு நின்றுவிடாமல் நாலு பேர் படிக்கட்டும் என்று பள்ளிக்கென ஒரு வலைப்பதிவு தொடங்க அனுமதி வாங்கிவிட்டேன். முதல் தலைப்பு பெரிய கோயில். வந்த கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே கட்டுரைதான், பத்திகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது", "உச்சியில் 80 டன் எடையுள்ள ஒரே கல்" இரண்டும் இல்லாத தாளே இல்லை. கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் மிஸ் போட்டிருக்காங்க" என்கிறார்கள். படங்கள் எல்லாம் கூகுளில் எடுத்தவை. ஒரு பெண் தோழிகள் சீருடையில் நிற்கும் படத்தைச் சேர்த்து, கீழே எல்லார் பெயரையும் எழுதியிருக்கிறாள். கடிந்துகொண்டால் அடுத்த முறை எழுதவே மாட்டார்கள், அப்படியே வெளியிடவும் மனசு வரவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

கல்வெட்டுக்_கிறுக்கன்
டீச்சர், கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். காலையிலோ சாயங்காலமோ போனால் விமானத்தின் (கருவறைக்கு மேலே உயர்ந்திருக்கும் அந்தக் கோபுரத்தின்) நிழல் பிராகாரத்தில் நீளமாக விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்ப்பார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சிவேளையில்கூட வடக்குப் பக்கம் நிழல் உண்டு. எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் விழுந்தது என்று கயிறு பிடித்து அளந்து எழுதச் சொல்லுங்கள், அந்தக் கட்டுரையை யாராலும் காப்பி அடிக்க முடியாது. உச்சிக் கல் ஒரே கல் இல்லை, பல துண்டுகளை இணைத்தது என்று கோயிலை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை ஏறிப் பார்க்க முடியாது என்பதால் "இன்னார் இப்படிச் சொல்கிறார்" என்று எழுதப் பழக்க அதுவே நல்ல இடம்.

அப்புறம் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டுகளைக் காட்டாமல் வந்துவிடாதீர்கள். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று பிரித்துப் பிரித்து வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்கள் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதோடு இருக்கின்றன. யார் கொடுத்ததை யார் கணக்கில் எழுதுவது என்று 1010 வாக்கில் அவ்வளவு கவனம் இருந்திருக்கிறது. தகவல் எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டும் என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முழு வாசகமும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் கிடைக்கும்.

நிழற்படக்காரன்
படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கிறது என்பதாலேயே அது பொதுச்சொத்து ஆகிவிடாது, எடுத்தவருக்கு உரிமை உண்டு. உரிமத்தோடு படங்களைப் பகிரும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் பெரிய கோயில் படங்கள் ஏராளம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர் பெயரும் உரிம விவரமும் இருக்கும், படத்துக்குக் கீழே அந்த இரண்டையும் போடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது பிள்ளைகளே எடுப்பது. போன் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள். கோயிலில் எடுத்ததென்றால் பரவாயில்லை, வீட்டு வாசலில் எடுத்த படத்தில் அது ஒட்டிக்கொண்டு போனால் வம்பு.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா
அந்தச் சீருடைப் படத்தை எக்காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள் டீச்சர். முகம், பெயர், சட்டையில் பள்ளிச் சின்னம், மூன்றும் சேர்ந்தால் பிள்ளை தினமும் எங்கே இருக்கும் என்று முன்பின் தெரியாத ஆளுக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கட்டுரைக்குக் கீழே முதல் பெயரோ புனைபெயரோ போதும். என்னைக் கேட்டால் முதல் வருடம் வெளியிடவே வேண்டாம், வகுப்புக்குள்ளேயே சுற்றட்டும்.

பழைய_பிழைதிருத்தி
வெளியிடவே வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை அம்மா. ஊர் படிக்கப்போகிறது என்று தெரிந்தால்தான் பிள்ளை ஒரு வரியை இரண்டு தரம் பார்க்கும். டீச்சர் பார்க்காமல் பின்னூட்டம் எதுவும் வெளியே வராதபடி வைத்தால் போதும், பிளாக்கர் என்ற வலைப்பதிவுத் தளத்திலேயே அந்த வசதி இருக்கிறது.

காப்பி அடிப்பதைத் தடுக்க நான் கண்ட வழி இதுதான். கட்டுரையை வாங்கியதும் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வரியைத் தொட்டு "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "பார்த்தேன்", "பாட்டி சொன்னாள்", "இந்தப் புத்தகத்தில் இருக்கிறது", எதுவானாலும் சரி, அதையும் அந்த வரியோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லாத வரியைப் பிள்ளையே அடித்துவிடும், நீங்கள் திட்டவே வேண்டியதில்லை. வெளியான பிறகு தப்பு தெரிந்தால் சத்தமில்லாமல் மாற்றாமல், கீழே தேதி போட்டு என்ன திருத்தினோம் என்று ஒரு வரி எழுதட்டும்.

தஞ்சை_டீச்சர்
எல்லாருக்கும் நன்றி. கயிறு யோசனையைக் கணக்கு சாரிடம் சொன்னேன், நிழலை வைத்து விமானத்தின் உயரத்தையும் கணக்குப் போடவைக்கலாம், நானும் வருகிறேன் என்கிறார். சம்மதக் கடிதத்தை இன்றைக்கே எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: பாட்டி சொன்ன கதை கல்வெட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை நீக்கச் சொல்லவா?

பழைய_பிழைதிருத்தி
நீக்க வேண்டாம். "எங்கள் பாட்டி இப்படிச் சொல்வார், கல்வெட்டில் இப்படி இருக்கிறது" என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதட்டும். பாட்டியிடம் கேட்டுவிட்டு மட்டும் போடச் சொல்லுங்கள்.