லேட்டன்ட் இமேஜ்: மறைபிம்பமா, உள்ளுருவா?

நண்பர்களே, படம் எடுத்தபின், கழுவும்வரை ஃபிலிமில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பதிவுக்கு 'லேட்டன்ட் இமேஜ்' என்று பெயர். அதற்குத் தமிழில் 'மறைபிம்பம்' போதும் என்று பலர் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறைபிம்பம் என்றதும் முழுப் படமும் எங்கோ ஒளிந்திருக்கிறது, திரையை விலக்கினால் தெரிந்துவிடும் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஃபிலிமில் நடப்பது வேறு. ஷட்டர் திறந்து மூடும் அந்த நேரத்துக்குள், ஃபிலிமில் பூசியிருக்கும், வெளிச்சம் பட்ட சில்வர் ஹாலைடு (வெள்ளி உப்பு) படிகத்தில் வெள்ளி அணுக்கள் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்தாலே போதும், பிறகு ஃபிலிம் கழுவும் ரசாயனமான டெவலப்பரில் போட்டதும் அந்தப் படிகம் முழுக்க வெள்ளியாகிக் கறுத்துவிடும். அதுவரை, படம் எடுத்த ரோலையும் எடுக்காத ரோலையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இருப்பது வித்து மட்டும்தான்.

இன்னொரு சிக்கல் வினைச்சொல்லில் வருகிறது. எடுத்த ரோலைக் கழுவாமல் வைத்திருந்தால் அந்த வித்து மெல்ல அழியும், வெப்பமும் ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். இல்ஃபோர்டு பேன் எஃப் பிளஸ் போன்ற ஃபிலிமை எடுத்த மூன்று மாதத்துக்குள் கழுவிவிடச் சொல்வது இதனால்தான். இதை 'மறைபிம்பம் மறைந்தது' என்றா எழுதுவது?

முதலில் நானும் 'உள்ளுறை வெப்பம்' போல 'உள்ளுறை பிம்பம்' என்றுதான் நினைத்தேன். பொருள் சரி, ஆனால் நீளம், ஒரு பத்தியில் நாலு தடவை வந்தால் மூச்சு வாங்குகிறது. அப்புறம்தான் 'உள்ளுரு' தோன்றியது. கேமராவுக்குள் இருக்கும்போது உள்ளுரு, கழுவியபின் நெகடிவில் எதிருரு, பிரிண்ட் போட்டால் நேருரு. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கின்றன. வேகமாகப் படித்தால் 'உள்ளூர்' என்று கண் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு முறை பழகினால் போய்விடும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். 1897-இல் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பி உயிர்விட்ட ஆந்திரே குழுவின் ஃபிலிம்கள் 1930-இல் பனியிலிருந்து கிடைத்தன, ஸ்டாக்ஹோமில் புகைப்பட வல்லுநர் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவி 93 படங்களை மீட்டார்: "முப்பத்து மூன்று ஆண்டுகள் குளிரில் கிடந்தும் உள்ளுரு முழுதாக மங்கவில்லை."

'மறைபிம்பம்' கேட்பவர்கள் இதே வாக்கியத்தை அந்தச் சொல்லை வைத்து எழுதிக் காட்டுங்கள், பார்க்கலாம்.