குடித்துவிட்டு நடப்பது, ஓட்டுவதைவிட 8 மடங்கு ஆபத்தா?

நடைராசா:
நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: குடித்துவிட்டு நடப்பவர் சாகும் வாய்ப்பு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரைவிட 8 மடங்காம். அப்படியானால் எல்லோரும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா? படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த மேதாவி நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். சாவியை எடுக்கச் சொன்னது நான் அல்ல, அது உங்கள் சொந்தச் சரக்கு. 2009இல் அமெரிக்காவில் ஒரு பொருளியலாளரும் ஒரு பத்திரிகையாளரும் சேர்ந்து போட்ட கணக்கு அது. மைல் ஒன்றுக்கு 8 மடங்கு. பிடிக்கவில்லை என்பதற்காக எண் மாறாது.

நடைராசா:
அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீரா? அங்கே ஓட்டப்படும் 140 மைலில் 1 மைல் குடித்துவிட்டு ஓட்டுவது. சரி. குடித்துவிட்டு நடந்த மைல் எத்தனை? யாரும் அளக்கவில்லை. அதனால் நடைக்கும் அதே 140க்கு 1 என்று வைத்துக்கொண்டார்கள். குடிக்கப் போகிறோம் என்று வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்! நடையில் அது 70க்கு 1 என்றாலே, அதே சாவுகள் இரு மடங்கு மைலுக்குப் பங்காகி, உங்கள் 8, 4 ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
4 மடங்கும் அதிகம்தானே? ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

நடைராசா:
எங்கே ஒப்புக்கொண்டேன்?

தெருவிளக்கு:
'குடித்தவர்' என்றால் எவ்வளவு குடித்தவர்? ஓட்டுபவருக்கு 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு இந்தியச் சட்டத்துக்கு 30 மில்லிகிராம், அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 80. எதை வைத்துப் பேசுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
தள்ளாடினால் குடித்தவர். இதற்கெல்லாம் அகராதி வேண்டாம். 8க்கு வாருங்கள்.

வளவன்:
மைலை விடுங்கள், மணிக்கணக்கில் பாருங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கலாம், 50 ஓட்டலாம். உங்கள் 8ஐப் பத்தால் வகுத்தால் 0.8. நடைதான் பாதுகாப்பு!

கணக்குப்பிள்ளை:
தம்பி, வீட்டுக்குப் போகிறவர் தூரத்தைத்தான் கடக்க வேண்டும், கடிகாரத்தை அல்ல. வீடு 2 கிலோமீட்டர் என்றால் நடந்தாலும் 2, ஓட்டினாலும் 2. ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான் வகுத்துக் குழப்பினீர், மறக்கவில்லை.

வளவன்:
அதில் யார் பாதியில் ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும்.

தொல்தமிழ்:
'பாதசாரி' வடசொல். 'நடையர்' என்று எழுதலாமே?

நடைராசா:
இந்தத் திரியில் யாரும் பாதசாரி என்றே எழுதவில்லை ஐயா. நீங்கள்தான் முதல்.

தொல்தமிழ்:
முன்கூட்டியே சொன்னேன். 'ஹெல்மெட்'டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கனரகம்:
நான் இரவில் லாரி ஓட்டுகிறவன். எதிரே வண்டி வந்தால் டிம் அடிப்பேன், அப்போது கறுப்புச் சட்டைக்காரர் கிட்டே வரும்வரை தெரியமாட்டார். 60இல் போனால் ஒரு நொடிக்கு 17 மீட்டர். போன மாதம் ஒருவர் ஒரு கால் சென்டர் மீடியனில், ஒரு கால் ரோட்டில். இறங்கினார், நின்றார், பின்னால் போனார், திரும்ப இறங்கினார். நேராக நடந்திருந்தால் ஒதுங்கிப் போயிருப்பேன். அந்தப் பின்வாங்கல்தான் ஆளைக் கொல்லும். நல்லவேளை, பிரேக் பிடித்தது. கை நடுக்கம் நிற்க அரைமணி ஆனது.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், களத்தில் இருப்பவரே என் பக்கம்.

கனரகம்:
நான் யார் பக்கமும் இல்லை சார். அவர் ஸ்டியரிங் பிடித்திருந்தால் இன்னும் நாலு பேர் போயிருப்பார்கள்.

நடைராசா:
அப்படிச் சொல்லுங்கள் அண்ணே! நடப்பவர் பெரும்பாலும் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கிறார். ஓட்டுபவர் ஊரான் உயிரையும் வைக்கிறார்.

கணக்குப்பிள்ளை:
செத்த மற்றவர்களையும் சேர்த்தே அவர்கள் கணக்குப் போட்டார்கள். அப்போதும் நடைக்கு 5 மடங்கு. படிக்காமல் பேசினால் இப்படித்தான்.

நடைராசா:
அந்த 5க்குள்ளும் அதே 140தான் உட்கார்ந்திருக்கிறது!

கணக்குப்பிள்ளை:
உங்களிடம் வேறு எண் இருக்கிறதா? இல்லை. என்னிடம் இருக்கிறது.

நடைராசா:
ஊகத்துக்கு எண் என்று பேர் வைத்தால் ஆயிற்றா?

தெருவிளக்கு:
30ஆ 80ஆ என்று கேட்டேனே...

கனரகம்:
ரோட்டில் விளக்கு போடுவதைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம். டூட்டிக்கு நேரமாச்சு, வருகிறேன்.

கணக்குப்பிள்ளை:
போய் வாருங்கள். வளவன், அந்த ஹெல்மெட் திரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் இங்கேயே ஒட்டுகிறேன். யார் ஓடியது என்று அப்புறம் பார்க்கலாம். அதுவரை 8 மடங்கு 8 மடங்குதான்.