மறு: மோஷன் கண்ட்ரோலுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். கையையோ உடலையோ அசைத்து வீடியோ விளையாட்டை ஆடும் முறைதான் மோஷன் கண்ட்ரோல். அதற்கான தமிழ்ச் சொல்லைத் தேடும் இந்த இழையில் அக்கா ஒருவர் சொன்னது:

> 'அசைவுக் கட்டுப்பாடு' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் அக்கா, ஆனால் வேறு எதுவோ புரியும். 2020இல் கோவிட் பரவியபோது ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், 'நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை' போட்டபோது செய்திகளில் அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அசைவுக் கட்டுப்பாடு என்றால் 'ஆடாதே, அசையாதே' என்றுதான் எனக்குக் கேட்கிறது. இந்த விளையாட்டுகளோ ஆளை எழுப்பி ஆடவிடுகின்றன.

என் யோசனை 'அசைவு உள்ளீடு'. 'இன்புட்' என்பதற்கு உள்ளீடு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல், நடப்பதும் அதுதான். விசையை அழுத்தினால் அழுத்தியது, இல்லாவிட்டால் இல்லை. கருவிக்குச் சந்தேகமே வராது. கையை வீசினாலோ வேகத்தையும் சாய்வையும் அளந்து, இவர் பந்தை அடித்தார் போலிருக்கிறது என்று அது ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் ஆட்டம் போச்சு. சண்டை ஆட்டக்காரர்கள் விசைக் கருவியை விடாததற்குப் பழக்கதோஷம் மட்டும் காரணமல்ல.

இதிலேயே இரண்டு வகை உண்டு. 2006இல் வந்த நிண்டெண்டோ வீ, 2010இல் வந்த பிளேஸ்டேஷன் மூவ் ஆகிய விளையாட்டுக் கருவிகள் இரண்டிலும் கையில் ஒரு கோல் இருக்கும். அதே 2010இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கினெக்டுக்குக் கையில் எதுவும் வேண்டாம். அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தெளித்து, ஆழத்தை அளந்து, மூட்டு மூட்டாக உடலைப் பின்தொடரும். முன்னதைக் 'கோலசைவு உள்ளீடு', பின்னதை 'உடலசைவு உள்ளீடு' எனப் பிரிக்கலாம். ஒருவர் சொன்ன 'மெய்யசைவு' அழகுதான். ஆனால் 'விர்ச்சுவல்' என்பதற்கான 'மெய்நிகர்' பக்கத்திலேயே நிற்கிறதே, குழப்பும். 'சைகை'யும் வேண்டாம், டென்னிஸ் மட்டையை வீசுவது யாருக்கும் காட்டும் சைகை அல்ல.

அசைவா விசையா, எது உயர்ந்தது என்ற கேள்வியும் இழையில் வந்ததால் ஒன்று சொல்கிறேன். எங்கள் வட்டார முதியோர் நிலையத்தில் வீ போலிங் ஆடுவார்கள். கோலின் பின்பக்க விசையை அழுத்திப் பிடித்தபடி கையை வீசி, சரியான நேரத்தில் விரலை எடுக்க வேண்டும். பாட்டிகளின் வீச்சில் ஒரு குறையும் இல்லை. விரலைத்தான் எடுக்க மறப்பார்கள், பந்து போகாது. செய்கையே ஆட்டமாக இருக்கும் இடத்தில் அசைவுக்கு ஈடில்லை. ஓடிக்கொண்டே சுட்டு, ஆயுதமும் மாற்ற வேண்டுமென்றால் விசைதான். கினெக்டுக்கு இன்னொரு சங்கடம்: ஒருவர் ஆடவே சுமார் 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் டீப்பாயைப் படுக்கையறைக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான். அப்புறம் குதிக்கத் தொடங்கினால் கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

சரி, நம் சொற்பட்டியலில் உள்ள 'உணரிப் பட்டை'யை எடுத்துவிடலாமா? சென்சார் பார் என்று பெயர்தானே தவிர, தொலைக்காட்சியருகே வைக்கும் வீயின் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. இரு முனைகளிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவே. பார்க்கும் கேமரா கோலின் முனையில் இருக்கிறது. பட்டைக்குப் பதில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்தாலும் வேலை செய்யும். 'ஒளிப்பட்டை' என்று போட்டால் யாருக்கும் ஆட்சேபமா?