மாடியில் பீன்ஸ்: பூ வந்தது, காய் வரவில்லை

திருச்சியில் மொட்டை மாடியில் பீன்ஸ் வருமா என்று கேட்பவர்களுக்கு என் கதை. வரும், ஆனால் எனக்கு மூன்றாவது வருஷம்தான் வந்தது.

முதல் தடவை பொங்கல் எல்லாம் முடிந்து, மாசி பிறந்த பிறகு விதைத்தேன். செடி தளதளவென்று வந்தது, பக்கத்து வீட்டு மாமி தினமும் எட்டிப் பார்ப்பார். பங்குனியில் பூவும் வைத்தது. அப்புறம் காலையில் மாடிக்குப் போனால் தரையெல்லாம் பூ, செடியில் ஒரு பிஞ்சு கூட நிற்கவில்லை. சத்துக் குறைவு என்று நானே முடிவு கட்டி, கடலைப் புண்ணாக்கைப் புளிக்க வைத்து ஊற்றினேன், இலை இன்னும் பெரிதானதுதான் மிச்சம். பீன்ஸ் பயறு வகைச் செடி, வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும், அதற்கு மேல் நானும் ஊற்றினால் அது தழைக்காமல் என்ன செய்யும்? ஆனால் பூ கொட்டியதற்கு முக்கியக் காரணம் வெயில். 15 முதல் 25 டிகிரி வரைதான் அதற்குச் சுகம், 30ஐத் தாண்டினால் பூவை உதிர்த்துவிடும். பங்குனி வெயிலில் மாடித் தரையில் நம்மாலேயே கால் வைக்க முடியாது.

இரண்டாம் வருஷம் புத்திசாலித்தனமாக ஐப்பசியில் போட்டேன். விதையை ராத்திரி முழுக்க ஊற வைத்தேன், போட்டதும் தண்ணீரும் விட்டேன், போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் கிளறிப் பார்த்தால் விதையெல்லாம் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது.

போன வருஷம் அடைமழை விட்டதும், கார்த்திகை நடுவில் விதைத்தேன். அர்க்கா கோமல், குத்துச்செடி ரகம், பந்தல் வேண்டாம். மண் கலவையை முதல் நாளே நனைத்து வைத்துவிட்டு, ஊற வைக்காத விதையை ஒரு அங்குல ஆழத்தில் அழுத்தினேன், முளைக்கும் வரை தண்ணீர் காட்டவில்லை. ஆறாம் நாள் தலை தூக்கியது. ஏழாம் நாள் அணில் நான்கைக் கடித்துப் போட்டது! பழைய கொசுவலையைக் கட்டிய பிறகு மிச்சம் பன்னிரண்டு செடி பிழைத்தது. நடுவில் அசுவினிப் பூச்சி வந்தது, எறும்பு ஏறுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, சாயங்காலம் சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளித்ததில் அடங்கியது. ஐம்பதாம் நாள் முதல் பறிப்பு, ஒரு பொரியலுக்குத் தேறியது.

*

அக்கா, நான் கோத்தகிரி. வெயில் பிரச்சினை எங்களுக்கு இல்லை, ஆனால் துரு நோய் இருக்கிறது, பனிமூட்டம் நான்கு நாள் நின்றால் இலைக்கு அடியில் செம்பொடி அப்பிவிடும். அதனால் மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்ற மாட்டோம். வீட்டுக்குக் கொடி பீன்ஸ்தான் போடுவோம், காய்க்க 60, 70 நாள் ஆனாலும் ரொம்ப நாள் காய்க்கும். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா, மேலிருந்து பார்த்தால் கொடி எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். சின்ன வயதில் நான் மாற்றிச் சுற்றிக் கட்டிவிட்டேன், மறுநாள் அவிழ்ந்து தொங்கியது, அம்மாவிடம் திட்டு வாங்கினேன். விதைக்கு இரண்டு கொடியைப் பறிக்காமல் விட்டு, காய் சலசலக்கும் வரை காய விடுங்கள். தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துவிடும் என்பதால் ரகம் பெரும்பாலும் மாறாது. போன மாதம் ஒரு காட்டெருமை ராத்திரி வந்து பந்தலோடு சேர்த்து எல்லாவற்றையும் மிதித்துவிட்டுப் போய்விட்டது, அதற்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

*

இலங்கை, பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இதைப் போஞ்சி என்று சொல்வோம். அக்கா, முதல் பறிப்போடு கதையை நிறுத்திவிட்டீர்கள், அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை பறித்தீர்களா? உள்ளே விதை புடைக்க விட்டால் செடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதைக் குறைத்துவிடும். நான் ஒரு கிழமை, ஏழு நாள், ஊருக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான், காயெல்லாம் நார். முற்றின விதையை வீணாக்க மனமில்லாமல் கறியில் போட்டேன், அரைவேக்காடு. வீட்டில் மூன்று பேருக்கும் வாந்தி. நன்றாகக் கொதிக்க விட்டால்தான் அதில் இருக்கும் நச்சு போகுமாம், பிறகுதான் தெரிந்தது. இளம் போஞ்சி என்றால் தேங்காய்ப்பாலில் இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போட்டுப் பால்கறி வையுங்கள்.

*

பண்டாரவளைத் தங்கைக்கு: இல்லை, பறிக்கவில்லை. வீட்டு வேலையில் மாடிப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன், அதுதான் செடி சீக்கிரம் ஓய்ந்ததா! கோத்தகிரித் தம்பி, நான்கு கொடி பீன்ஸ் விதை இருந்தால் எடுத்து வையுங்கள், கார்த்திகையில் ஒரு தொட்டியில் போட்டுப் பார்க்கிறேன். காட்டெருமை வேண்டாம், எனக்கு அணிலே போதும்.