சார்ஜரில் இருக்கும்போது மட்டும் வேகம் இழக்கும் மடிக்கணினி: காரணம் கண்டறிய உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி அருகே எங்கள் ஊரில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு இணையவழியில் பதிவு செய்ய வரும் விவசாயிகளுக்கு என் மடிக்கணினியில் உதவி வருகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அது திடீரென, அம்புக்குறிகூட நகராத அளவுக்கு மந்தமாகி, சில நிமிடங்களில் தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. சிட்டாவையும் அடங்கலையும் பதிவேற்றும் நேரத்தில் இப்படி ஆனால், வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனித்தேன். அந்த நேரத்தில் ரேமும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டியும் (சேமிப்பகம்) பாதி அளவுகூடப் பயன்பாட்டில் இருப்பதில்லை; ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசஸர் 0.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே வைரஸோ, பின்னணியில் இறங்கும் அப்டேட்டோ காரணமாகத் தோன்றவில்லை. சூடு மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் என்பதால், அறுவடைக் காலத்து நெல் தூசி விசிறியில் அடைந்திருக்கலாம் என்று கருதி அதைச் சுத்தம் செய்வித்தேன். பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்ட்டும் மாற்றப்பட்டது. பயனில்லை.

சார்ஜரைக் கழற்றியவுடன் வேகம் திரும்பிவிடுவதுதான் முக்கியமான தடயம் என்று நினைக்கிறேன். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் இங்கு மின்னழுத்தம் குறையும். ஆனால் சார்ஜரிலேயே 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதால் அதைக் குறைசொல்ல முடியவில்லை. சார்ஜரின் திறனை மடிக்கணினி சரியாக அடையாளம் காணாவிட்டாலும் வேகம் இப்படிக் கட்டுப்படுத்தப்படுவதுண்டு.

பழுது சார்ஜரிலா, அதைச் செருகும் முனையிலா, மதர்போர்டிலா என்பதைப் புதிய பொருள் எதுவும் வாங்காமல் பிரித்தறிய வழி உண்டா? பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டால் இது சரியானதை யாரேனும் கண்டிருக்கிறீர்களா? குறுவை அறுவடை நெருங்குவதால், அனுபவமுள்ளவர்கள் விரைவில் பதிலளித்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.