லேப்டாப்: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

செந்தூல்:
என் லேப்டாப் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறல். நவம்பர் 11-இல் வரும் 11.11 ஆன்லைன் சேல் வரை பொறுத்தால் விலை இறங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பிரிக்பீல்ட்ஸ்:
விலை இறங்கும் என்ற நம்பிக்கையில் பொறுக்காதீர்கள் அண்ணே. புது மாடல் வந்ததும் பழைய ஸ்டாக்கை மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்ற கணக்கு 2025 கடைசியிலேயே கெட்டுப்போனது. ஏஐ தரவு மையங்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. தயாரிப்பாளர்களுக்கும் அங்கேதான் லாபம். மெமரி தயாரிப்பாளர் மைக்ரான், கடைகளில் விற்கும் தன் குரூஷியல் பிராண்ட் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. டிடிஆர்4 ரேம் பழைய வகைதானே என்றால், உற்பத்தியைக் குறைத்ததில் அதன் விலையும் ஏறிவிட்டது. சேலில் கழிவு கொடுப்பார்கள்தான், ஏற்றிய விலையிலிருந்து கழிப்பார்கள்.

அதற்காக நாளைக்கே லோயாட் கணினிக் கடைகளுக்கு ஓடவும் வேண்டாம்.

பட்டர்வொர்த்:
முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'கமிட்டட்' என்ற இடத்தில் முதல் எண் 12, 13 ஜிபி என்று நின்றால் பிராசசரைத் திட்டாதீர்கள், ரேம்தான் போதவில்லை. இடமில்லாததை எஸ்எஸ்டியில் எழுதி எழுதி எடுக்கிறது, திணறல் அங்கிருந்து வருகிறது.

அதே பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' பாருங்கள். சோடிம் என்றால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தது, கை வைக்க முடியாது. 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' 1 ஆஃப் 2 என்று காட்டினால் யோகம்தான், இன்னொரு 8 ஜிபி போதும். இப்போதைய விலையிலும் ஒரு ரேம் குச்சி புது லேப்டாப் விலைக்கு வராது.

மாட்டும்போது சறுக்குகிற இடங்கள்: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், இல்லாவிட்டால் முழுதாக அணையாது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெக்கவரி கீயை முன்பே குறித்து வையுங்கள். அடிமூடித் திருகுகள் ஒரே நீளம் இருக்காது. கழற்றிய வரிசையிலேயே தாளில் ஒட்டி வையுங்கள், நீளமானதைக் கை வைக்கும் பக்கம் முடுக்கினால் மேலே புடைத்துவிடும். முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்க வேண்டும். குச்சியைச் சாய்வாகச் சொருகி, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். தங்க நிற விளிம்பு பட்டையாக வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை. கருந்திரை வந்து லேப்டாப் செத்துவிட்டது என்று பதறுவது பாதிப்பேர் இதில்தான்.

ஜெலுத்தோங்:
டச்பேட் அழுந்த மறுக்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்கும். அப்படியானால் சேல், ரேம் பேச்செல்லாம் அப்புறம். சார்ஜரைப் பிடுங்குங்கள், அமுக்கவோ குத்தவோ வேண்டாம், கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

உப்பாத பேட்டரிக்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் உண்டு. டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 27,000 என்றால் பாதிதான் மிச்சம். பேட்டரியை மாற்றலாம், அதற்காக லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ்:
விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. எட்டாம் தலைமுறை விண்டோஸ் 11-க்குத் தகுதியானது, டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயோஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைந்திருந்தால் இயக்குங்கள். ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் வைத்திருப்பவர்கள் புதுசுக்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

பெட்டாலிங் ஜெயா:
வாங்கியே ஆக வேண்டியவர்களுக்கு. ரேம் பற்றவைத்ததா என்று கேளுங்கள். பற்றவைத்தது என்றால் 16 ஜிபிக்குக் கீழே தொடாதீர்கள், பின்னால் கூட்ட வழியில்லை. திரையில் '45 விழுக்காடு என்டிஎஸ்சி' (திரை காட்டும் நிறங்களின் அளவு) என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். விற்பனையாளர் அதைச் சொல்லவே மாட்டார், விவரத்தாளில்தான் இருக்கும். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் லேப்டாப் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, கடையில் நிற்கும்போதே தயாரிப்பாளரின் தளத்தில் வாரண்டியைத் தட்டிப் பாருங்கள். மலேசியாவில் விற்க வந்த செட் இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

மலேசியாவில் வருமான வரி கட்டுகிறவர்கள் டிசம்பர் 31-க்குள் ரசீது போட்டால் அந்த ஆண்டு வாழ்க்கைமுறை வரி விலக்கு 2,500 வெள்ளியில் சேர்க்கலாம். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500-க்குள் அடக்கம். 11 விழுக்காடு வரிப்படியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 275 வெள்ளி மிச்சம், 2,500 திரும்பி வராது. ரசீதை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

செந்தூல்:
பார்த்தேன். கமிட்டட் 12.6. சோடிம், 1 ஆஃப் 2.

பட்டர்வொர்த்:
அப்படியென்றால் புதுசு வேண்டாம். உள்ளே இருக்கும் குச்சியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 'பிசி4' (டிடிஆர்4), 1.2 வோல்ட் என்று இருக்கும். 3200 வேகக் குச்சி கொடுத்தாலும் வாங்கலாம், உங்கள் லேப்டாப்பின் வேகத்துக்கு இறங்கி ஓடும், கெடுதல் இல்லை. 'பிசி3' என்ற முந்தைய வகையைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள், குச்சியின் பள்ளம் இடம் மாறியிருக்கும், உள்ளேயே போகாது.