'சுய ஆட்சிக் கவிழ்ப்பு' சரியான சொல்லா?

நண்பர்களே,

பதவியில் இருக்கும் ஆட்சியாளரே அரசமைப்பை மீறி அதிகாரம் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் 'ஆட்டோகோல்பே' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு நேராக நம் கலைச்சொல் பட்டியலில் 'சுய ஆட்சிக் கவிழ்ப்பு' என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். 'கவிழ்ப்பு' என்பதற்கு முன்னால் ஒட்டி நிற்பது கவிழ்க்கப்படும் பொருள். 'சுய', 'தன்' என்று சேர்த்தால், தற்கொலையைப் போல, ஆள்பவர் தன்னையே கவிழ்த்துக்கொண்டதாகப் பொருள்படும். நடப்பதோ நேர்மாறு.

பெருவைப் பாருங்கள். 1990 தேர்தலில் முறையாக வென்ற அதிபர் ஃபுஜிமோரிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இல்லை. 1992 ஏப்ரல் 5, ஞாயிறு இரவு, தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். படை கட்டடத்தைச் சூழ்ந்தது. அந்நாட்டின் 1979 அரசமைப்போ, கீழவை மூன்று அமைச்சரவைகளை வீழ்த்தியிருந்தால்தான் அதைக் கலைக்கலாம் என்றது. மேலவையைக் கலைக்க வழியே வைக்கவில்லை. ஆக, ஆட்சி அப்படியே இருந்தது, விழுந்தது அரசமைப்பு. 'பதவிவழிக் கவிழ்ப்பு' என்று வைக்கலாமா?

—

ஐயா, மறுப்பை முழுதாக ஏற்கிறேன், முன்மொழிவை ஏற்க முடியவில்லை. 'பதவிவழி உறுப்பினர்', 'பதவிவழித் தலைவர்' என்று அலுவலகத் தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது. கோப்பு பார்க்கும் ஒருவர், பதவியோடு தானாக வரும் உரிமை என்று படிப்பார். சட்டமே அனுமதித்தது போன்ற தொனி இந்தச் சொல்லில் வரவே கூடாது.

'ஆட்சிக் கவிழ்ப்பு' என்பதிலும் சிக்கல் உண்டு. கட்சி தாவி அமைச்சரவையை வீழ்த்துவதையும் நம் நாளிதழ்கள் அப்படித்தான் எழுதுகின்றன. 'புரட்சி' வேண்டவே வேண்டாம், அது செய்தவருக்குப் பெருமை சேர்க்கும். 'அதிகாரக் குவிப்பு' போதாதா?

—

போதாது. குவிப்பு மெல்ல நடப்பது. ஹங்கேரியில் 2010இல் மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்த கட்சி, மறு ஆண்டே புதிய அரசமைப்பை நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டது. அவை ஒரு நாளும் பூட்டப்படவில்லை. அதற்கு 'மக்களாட்சித் தேய்வு' பொருந்தும். இங்கே நமக்கு வேண்டியது ஒரே இரவில் நடக்கும் முறிவுக்கான சொல்.

துனிசியாவில் வைத்துப் பாருங்கள். 2021 ஜூலை 25 அன்று அதிபர் சையத், அரசமைப்பின் 80ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். நெருக்கடிக் காலம் முழுவதும் அவை தொடர்ந்து கூடியிருக்க வேண்டும் என்பதே அந்தப் பிரிவு. அவைத்தலைவரையோ வாயிலில் நின்ற படையினர் உள்ளே விடவில்லை. முப்பது நாள் கழித்து நெருக்கடி நீடிக்கிறதா என்று சொல்ல வேண்டியது அரசமைப்பு நீதிமன்றம். 2014 அரசமைப்பு வகுத்த அந்த நீதிமன்றம் அதுவரை அமைக்கப்படவே இல்லை. மூடிய கதவைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. கவிழ்ந்தது எது என்று இங்கேயும் ஐயமில்லை.

'இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' என்ற வழக்கில் செய்பவர் முதலில், செய்யப்படுவது அடுத்து, பிறகு வினை. அதே வரிசையில் 'ஆள்வோர் அரசமைப்புக் கவிழ்ப்பு' என்றால் குழப்பம் வராது. கவிழ்ப்புக்கு முன்னால் அரசமைப்பு நிற்பதால், ஆள்வோர் கவிழ்க்கப்பட்டதாக யாரும் படிக்க மாட்டார்கள். இலங்கை வாசகர்களுக்கு 'அரசியலமைப்பு' என்று மாற்றிக்கொள்ளலாம்.

—

நீளம்தான், ஆனாலும் ஒப்புகிறேன். சொல்லில் இராணுவம் வராததும் நல்லதே. 2022 டிசம்பர் 7 அன்று பெருவில் அதிபர் காஸ்டில்லோ நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தபோது படையும் காவல்துறையும் உடன்படவில்லை. சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் 101 வாக்குகளால் அவரையே நீக்கியது. குவாத்தமாலாவில் 1993இல் அதிபர் செர்ரானோ இதே வேலையில் இறங்கியபோது அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது, ஒரு வாரத்தில் பதவி போயிற்று. இவற்றுக்கு 'முயற்சி' என்று சேர்த்து, 'ஆள்வோர் அரசமைப்புக் கவிழ்ப்பு முயற்சி' என்று தனிப்பதிவாகக் கொடுத்துவிடுவோம். பழைய 'சுய ஆட்சிக் கவிழ்ப்பு' பதிவை அழிக்காமல் 'வழக்கொழிக்க' என்று குறித்து, புதியதைப் பார்க்கச் சொல்லி வைக்கிறேன். தேடி வருபவர்கள் அந்தச் சொல்லைத்தான் தட்டச்சு செய்வார்கள்.